நான் பார்க்காத முதல் மூன்று ரீல்

சினிமா கொட்டகையின் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு எந்தப் படத்துக்கும் ஆரம்பம் கிடையாது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. "உனக்கென்னம்மா, ஓசியில் தினம் இரண்டு ஆட்டம்" என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். கல்யாண வீட்டில் மூன்று பந்திக்குப் பரிமாறிவிட்டு ஆறின ரசத்தோடு எழுந்தவர்கள், ஊருக்கெல்லாம் புதுத்துணி தைத்துக் கொடுத்துவிட்டுப் பண்டிகையன்று பழையதைக் கட்டிக்கொண்டவர்கள், உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு டாக்கீஸில் பன்னிரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் காலமான வருடம் சேர்ந்தேன். அப்போது என் ஒரே மகள் பிலோமினாவுக்குப் பன்னிரண்டு வயது. கேட்டில் நிற்கிறவள் என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கேட்டம்மா, கேட்டம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது.

மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூன்றாம் ரீல் முடிந்து விளக்குப் போடுகிறவரை நான் கேட்டை விட்டு அசையக் கூடாது. எங்களுடையது ஒற்றை மெஷின் கொட்டகை. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். பெண்கள் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கவிழ்த்துவிட்டு வந்து சேர்வதற்குள் மூன்று ரீல் ஓடிவிடும். அவர்களுக்காக நான் வாசலில் நிற்பேன். அதனால் நான் பார்த்த படமெல்லாம் நாலாம் ரீலில்தான் தொடங்கின. லீவு நாளில் போய் முன்பாதியைப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். லீவு நாளில் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் எனக்குப் பிடிக்காது.

இப்படி அரைகுறையாகப் பார்த்த ஒரு படத்தின் மேல் உயிரையே வைத்திருந்தேன். அந்தப் பைத்தியத்தில் என் மகளை ஒரு தப்பான ஆளின் கையில் பிடித்துக் கொடுக்க இருந்தேன். எட்டு வருடம் கழித்து அதே படம் திரும்பி வந்ததால் பிழைத்தோம். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எடுத்தவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தாமதமாக வந்தவர்களுக்கு ஒரு கதை

படம் முதல் தடவை வந்தது உலகச் சண்டைக்கு முன்னால். மழைக்காலம் முழுக்க ஓடியது. தாமதமாக வருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கேட்டம்மா, இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தால்தானே? பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டிருந்தது. அதிலும் "கதாநாயகன் விதிவசத்தால் தன் இல்லாளைப் பிரிந்தான்" என்ற ஒரே வரி. வெறுங்கையோடு யாரையும் உள்ளே அனுப்ப மனமில்லாமல் நானே ஒரு முன்கதை கட்டினேன். கதாநாயகனுக்கு ஒரு பொல்லாத அண்ணி. அவள் ஒரு பொய்க் கடிதம் எழுதிப் புருஷனையும் பெண்சாதியையும் பிரித்துவிட்டாள். நாளாக நாளாக அண்ணிக்கு ஒரு மூக்குத்தியும் ஓரக்கண் பார்வையும் சேர்ந்தன. கடைசியில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அடுகோடியிலிருந்து சரோஜா என்று ஒரு பெண் வருவாள். கல்யாணமான புதிது. என் அண்ணி கதையைக் கேட்டுக் கண் கலங்கி உள்ளே போனவள், அடுத்த வாரம் ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே வந்துவிட்டாள். கூட ஒரு வாட்டசாட்டமான அம்மாள். இடைவேளையில் சரோஜா மட்டும் முகம் வெளுத்துப்போய் என்னைத் தேடி ஓடிவந்தாள். "நீங்க சொன்ன அண்ணி எங்கே? படத்துல அண்ணியே இல்லையே!" என்றாள். "ரீல் அறுந்துபோச்சும்மா, ஆபரேட்டர் அந்த இடத்தை வெட்டிட்டாரு" என்று சமாளித்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ கேட்டம்மா, எங்க வீட்டுக்காரரோட அண்ணி பார்க்கட்டும்னுதானே கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்!"

கடலை தின்றவள்

கடைசிக் காட்சியைச் சொல்லாவிட்டால் என் பைத்தியம் உங்களுக்குப் புரியாது. மழை கொட்டுகிறது. கந்தல் உடையில் கதாநாயகன் மனைவியின் வாசலில் வந்து நிற்கிறான். ஒரு வார்த்தை பேசமாட்டான். இடது புறங்கையால் முதலில் ஒரு கண், பிறகு இன்னொரு கண் துடைப்பான். அப்புறம் தலையைத் தொங்கப்போடுவான். அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். நான் வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு தினம் இரண்டு வேளை அழுதேன். என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் எது நடந்தாலும் அழாத மனிதர். என்னிடம் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால் மூன்றாம் நாள் விறகு பிளந்து அடுக்கி வைப்பார், அதுதான் சமாதானம். ஆம்பிளை ஒருவன் தான் செய்த தப்பை நினைத்து வாய்விட்டு அழுதால் அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

லிங்கராஜபுரத்தில் லேஸ் பின்னுகிற ஞானம்மாள் என்பவள் மட்டும், ஊரே அழுதபோது பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் கடலை தின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெளியே வரும்போது, "உங்களுக்குக் கல் நெஞ்சா?" என்று கேட்டே விட்டேன். அவள் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "எங்க வீட்டுக்காரரும் இதைவிட நல்லாவே அழுவாருங்க. மாசம் ரெண்டு தடவை, டிக்கெட் இல்லாமலே."

ஆபரேட்டரின் சதுர ஓட்டை

எங்கள் ஆபரேட்டர் காதர் பாய் அந்தப் படத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்த ஒரே சிப்பந்தி. பார்த்தார் என்றுதான் சொல்லலாம், கேட்டார் என்று சொல்ல முடியாது. மெஷின் ரூமில் அந்த இரைச்சலுக்கு நடுவே எந்தப் பாட்டும் வசனமும் காதில் விழாது. சுவரில் இருக்கிற சதுர ஓட்டை வழியாகத் திரையில் மூஞ்சிகள் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு நாள் மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி வாங்க இறங்கி வந்தவரை நிறுத்தி, "பாய், முன்பாதியில அந்த ஹீரோ என்னதான் செய்யறாரு?" என்று கேட்டேன். "பெண்சாதிகிட்ட பேசறான். பேசிட்டு வண்டி ஏறிப் போறான்" என்றார். என்ன பேசினான் என்று கேட்டேன். தெரியாது என்று கையை விரித்தார். "நல்லவன்தானே பாய்?" என்று விடாமல் கேட்டேன். காதர் பாய் குச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அரே, எனக்குப் பாட்டு கேக்காதும்மா, மூஞ்சி மட்டும்தான் தெரியும். அந்த மூஞ்சி எனக்குப் பிடிக்கலை."

முறுக்குச் சாட்சி

எட்டு வருடம் போயிற்று. பிலோமினா எங்கள் கோவில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சரானாள். இருபத்திரண்டு வயது. பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பையன் தினம் எனக்கு ஸ்தோத்திரம் சொல்வான். பெயர் சவரிராஜ், ராணுவ டிப்போவில் ஸ்டோர் கிளார்க். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. சொந்த ஊர் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் போய்விட்டார், அம்மாவும் இல்லை, எனக்கென்று யாருமில்லை என்று சொல்லித் தானே பெண் கேட்டு வீட்டுக்கு வந்தான். முறுக்கும் காபியும் வைத்தோம். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "காய்ச்சல்ல கிடந்தாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள மண்ணு போட்டுட்டாங்க. அந்தப் பாவம் என்னை விடலை" என்றான். சொல்லிவிட்டு இடது புறங்கையால் ஒரு கண், பிறகு இன்னொரு கண் துடைத்தான். தலையைத் தொங்கப்போட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் படத்துக் கதாநாயகன் எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்! அம்மாவுக்காக இப்படி உருகுகிறவன் பெண்டாட்டியைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றமாட்டானா? அவன் போனதும், "இவனைவிட உனக்கு யாருடி வேணும்?" என்று பிலோவிடம் கேட்டேன். அவள் தட்டை எடுத்து என்னிடம் காட்டினாள். "எங்க கிளாஸ்ல நிஜமா அழுற பிள்ளைங்க கையில இருக்கிற பிஸ்கட்டைக் கீழே போட்டுட்டு அழும்மா. இவர் அழுது முடிக்கிறதுக்குள்ள மூணு முறுக்கு சாப்பிட்டிருக்காரு."

பழைய பெட்டி

முறுக்கின் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. நான்கு நாள் பேசாமல் இருந்தேன், ஒரு நாள் சாப்பிடாமலும் இருந்தேன். கடைசியில் பிலோ, "உன் இஷ்டம்மா" என்று ஒப்புக்கொண்டாள். எங்கள் கோவில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும் என்று கேட்பார். மூன்றாவது ஓலையும் ஆகிவிட்டால் அப்புறம் தாலிதான். "காலஞ்சென்ற தேவசகாயம், காலஞ்சென்ற லூர்தம்மாள் இவர்களின் மகன் சவரிராஜ்" என்று இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டு தடவையும் பிலோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலைக்கு அடுத்த வாரம் பார்த்து என் படம் திரும்பி வந்தது. சண்டையால் பிலிம் தட்டுப்பாடு. புதுப் படம் கிடைக்காமல் முதலாளி பழைய பெட்டிகளை வரவழைத்துக்கொண்டிருந்தார். தேய்ந்த பிலிமின் கீறலால் படம் முழுக்கக் கோடு கோடாக மழை. கதைப்படி மழை பெய்தது கடைசிக் காட்சியில் மட்டும்தான். ஆனாலும் கல்யாணத்துக்கு ஒரு சொந்தக்காரர் வந்து இறங்கின மாதிரி எனக்குச் சந்தோஷம். அடுகோடி சரோஜா வந்தாள். கூடவே அண்ணி. இருவரும் இப்போது ஒரே வெற்றிலைப்பெட்டியில் போட்டுக்கொள்கிற சிநேகம். ஆனால் கடைசிக் காட்சியில் பெண்கள் பக்கத்தில் நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. அங்கங்கே சிரிப்புக் கேட்டது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆட்டம் விட்டு வந்த சரோஜாவை மறித்து, "அன்னைக்கு அந்த அழுகை அழுதியே, இன்னைக்கு என்ன சிரிப்பு? அதே படம்தானே?" என்றேன். "அதே படம்தான் கேட்டம்மா. அப்போ எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம், இப்போ எட்டு வருஷம்."

மூன்றாம் பெஞ்சில் நான்

வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆட்டம். பள்ளிக்கூடம் லீவு. பிலோ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் போகாமல் நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள்ல நான் போயிடுவேன். உனக்கு நான் என்னம்மா குடுக்கறது? இன்னைக்கு டிக்கெட்டை நான் கிழிக்கிறேன். உன் படத்தை முதல்லேருந்து பாரு" என்றாள். மேனேஜரும் கூட்டம் இல்லாததால் சரி என்றார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் பெஞ்சில், டிக்கெட் எடுத்தவளைப் போல் உட்கார்ந்தேன்.

முதல் ரீலில் அண்ணி இல்லை. இல்லை என்று தெரிந்தும் தேடினேன். கடிதமும் இல்லை. கதாநாயகன் ஒரு நாடகக்காரியின் பின்னால் சுற்றுகிறான். இரண்டாம் ரீலில் மனைவியிடம் வந்து, மதுரையில் தன் சிநேகிதன் சாகக் கிடக்கிறான், போகாவிட்டால் அந்தப் பாவம் என்னை விடாது என்கிறான். இடது புறங்கையால் ஒரு கண். பிறகு இன்னொரு கண். தலையைத் தொங்கப்போடுகிறான். அந்தப் பெண் அவனுக்கு வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுக்கிறாள். மூன்றாம் ரீலில், ஓடுகிற ரயிலில், அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நாடகக்காரிக்கு ஊட்டிவிட்டுச் சிரிக்கிறான். பாட்டுப் புத்தகத்தில் விதிவசம் என்று அச்சடித்திருந்தது இதைத்தான். எட்டு வருடமாக நான் உருகி உருகி அழுதது, அவன் ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பார்த்துப் பலித்த அழுகைக்கு.

நடிகனுக்குத் தெரிந்தது அந்த ஒரு அழுகைதான், இரண்டு இடத்திலும் அதையே போட்டுவிட்டான் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அந்தப் பாவம் என்னை விடலை. எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தை! இந்தப் படத்தைப் பார்க்காதவன் ஊரில் யார்? மூன்று முறுக்கு என் கண் முன்னால் வரிசையாக வந்தது. சவரிராஜுக்கும் நான் நாலாம் ரீலிலிருந்துதான் பார்வைக்காரி, அவனுடைய முதல் மூன்று ரீலைப் பார்த்தவர்கள் வேறெங்கோ இருக்கவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு விடிந்தால் மூன்றாவது ஓலை. விளக்குப் போட்டார்கள். வியர்த்து விறுவிறுத்து எழுந்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா எழுந்துட்டே? அழுகை இனிமேதானே வருது!"

கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி

பிலோவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "சம்பந்தியம்மா கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன், அதுதான் முறை" என்று சொல்லிச் சனிக்கிழமை காலை ரயிலேறினேன். பவுரிங்பேட்டையில் வண்டி மாறித் தங்கவயலில் இறங்கினேன். வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினேன். மாதாவே, அந்தக் கல்லறை அங்கே இருக்கட்டும், நான் சந்தேகப்பட்டது பாவமாகவே போகட்டும் என்று ஒரு மணி. அது இல்லாமல் போகட்டும், என் பெண் பிழைக்கட்டும் என்று அடுத்த மணி. கோவிலில் உபதேசியார் பீடத்துணி மடித்துக்கொண்டிருந்தார். சவரிராஜின் தாயார் லூர்தம்மாள் கல்லறை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்லறையா? அந்தம்மா இப்பத்தானே காலைப் பூசைக்கு வந்துட்டுப் போறாங்க?"

சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெங்களூரிலிருந்து வருகிறேன், சவரிராஜ் விஷயமாக என்றதும் முறம் கையைவிட்டு நழுவி அரிசி மண்ணில் கொட்டியது. அவள் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. "நல்லா இருக்கானா? இளைச்சிட்டானா?" என்றாள். இடது புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னொரு கண்ணை. நான் அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடமாக அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். லைன் வீட்டில் அம்மா இருக்கிறாள் என்று சொன்னால் பட்டணத்தில் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயமாம். அவளே அதைச் சொன்னாள், பிள்ளைக்காக வக்காலத்து வாங்குகிற குரலில்.

கொட்டிய அரிசியை இருவருமாகப் பொறுக்கினோம். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பெண் யார், என்ன படித்திருக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு காலி டம்ளரை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, "உங்ககிட்ட நான் எதுல செத்தேன்னு சொன்னான்?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. காய்ச்சல் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "போன வருஷம் ஒரு பொண்ணு வீட்டுலேருந்து இப்படித்தான் விசாரிக்க வந்தாங்க. அங்கே காலராவாம். அங்கேயும் நல்லாத்தான் அழுதானாம்."

லேடீஸ் கேட்

திரும்பி வந்ததும் நேராகச் சாமியாரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, காலஞ்சென்ற லூர்தம்மாள் என்று எழுதியிருந்த ஓலையை மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார். வீட்டுக்கு வந்து பிலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை, ரயிலை, அரிசியை, உன் முறுக்கை நான் நம்பியிருக்கவேண்டும் என்பதை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தாள். இரண்டு வாரமாகக் கொறித்துக்கொண்டிருந்த பெண் அன்றைக்கு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போதே பாட்டு முணுமுணுத்தாள். அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வது? எவ்வளவு பெரிய பாரத்தை அந்தக் குழந்தை எனக்காக வாயை மூடிக்கொண்டு சுமந்திருக்கிறது என்று நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மூன்றாவது ஓலையை வாசிக்காமல் நேராகப் பிரசங்கத்துக்குப் போனார். பக்கத்தில் பிலோ விட்ட பெருமூச்சு எனக்கு மட்டும் கேட்டது.

அன்று பிற்பகல் ஆட்டத்துக்கு அவளும் என்னோடு வந்திருந்தாள். சாமியாரிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மணி அடிக்கிற நேரத்தில் சவரிராஜ் பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டான். "அம்மா, நான் சொன்னது தப்புதான். அந்தப் பாவம் என்னை..." என்று தொடங்கி, இடது கையைத் தூக்கினான். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையின் நடுவில் ஞானம்மாள், கையில் கடலைப் பொட்டலத்தோடு. பொய் சொல்வானேன், அந்தக் கை கண்ணுக்குப் போனபோது என் மனசு பழைய பழக்கத்தில் ஒரு நொடி இளகத்தான் செய்தது. "முதல்ல தங்கவயலுக்குப் போய் உங்க அம்மா முன்னாடி அழுங்க தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிலோ என் கையிலிருந்து டிக்கெட்டுக் கட்டை வாங்கிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வழி காட்டுகிற அதே பொறுமையோடு அவனிடம் சொன்னாள்: "இது லேடீஸ் கேட்டுங்க. ஜென்ட்ஸுக்கு அந்தப் பக்கம்."

அடுத்த வருடம் பிலோவுக்கு நல்ல இடமாகவே அமைந்தது. பெண் பார்க்க வந்த அந்தப் பையன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், தன் அம்மாவை உயிரோடு பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஏழு முறுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை, அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எந்தக் கடைசிக் காட்சியும் எனக்குக் கொடுத்ததில்லை.